இரண்டு நாழிகை முன்பே

மழை விட்டிருந்தது. பட்டைக் கிடங்கின் முன்கொட்டகையில் பாய்களை விரித்து ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு மண்கலயத்தில் நோன்புக் கஞ்சி, பக்கத்தில் ஒரு பேரீச்சம்பழம். யாரும் எதையும் தொடவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மோர்ச்சோறு தின்றுகொண்டிருந்தேன்.

பசியோடு இருக்கிறவர்கள் நடுவில் ஒருவன் மட்டும் சாப்பிடுவது அநாகரிகம் என்பீர்கள். ஆம்பூரில் பாலாற்றங்கரையில் இருந்த அந்தத் தோல் பதனிடும் கிடங்கில் ரம்ஜான் மாதத்து வழக்கமே அதுதான். நான் முடித்தால்தான் அவர்கள் ஆரம்பிப்பார்கள்.

நான் சமணன். பொழுது சாய்ந்தபின் எங்களுக்கு ஒரு பருக்கை ஆகாது. அவர்கள் முஸ்லிம்கள். நோன்பு நாளில் பொழுது சாயும்வரை அவர்களுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் ஆகாது. என் சாப்பாடு முடிகிற இடத்தில் அவர்கள் சாப்பாடு தொடங்கும்.

இந்த ஏற்பாட்டை ஆரம்பித்தவர் மேஸ்திரி காசிம் பாய். மருதாணி வைத்த தாடி. வீட்டில் உருது, கிடங்கில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். "பள்ளிவாசல் பாங்கு இங்க வரைக்கும் கேக்காது. கடிகாரம் ஈரத்துல நின்னு போச்சு. நயினார் வயிறுதான் நமக்குக் கடிகாரம்" என்பார். எங்கள் ஆட்களை அந்தச் சீமையில் நயினார் என்றுதான் கூப்பிடுவார்கள்.

நான் கடைசி வெளிச்சம் வரைக்கும் தின்கிறவன். மலைமேல் சூரியனின் விளிம்பு தெரியும்போது கடைசிக் கவளம் வாய்க்குப் போகும். விளிம்பு மறையும்போது எழுந்து கை கழுவுவேன். "நயினார் எழுந்துட்டாரு, பிஸ்மில்லா" என்பார் காசிம் பாய். எல்லாரும் பழத்தை எடுப்பார்கள்.

அதுவரை ஒரு நாளும் பிசகியதில்லை. அன்று பிசகியது. அதற்கு முன்னால் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும்.

கழுமரம் கம்மி

போன வாரம் இதே பத்திரிகையில் நான் எழுதியதைப் படித்த ஒருவர், சமணனுக்குத் தோல் கிடங்கில் என்ன வேலை என்று கேட்டிருக்கிறார். என் மாமனாரும் இதையேதான் கேட்டார். அவர் கேட்டபோது வந்த கோபம் எனக்கு இப்போதும் வருகிறது.

எங்கள் ஊர் ஆரணிக்கு அப்பால். மழை பொய்த்த வருஷங்களில் எங்கள் பங்கு நிலம் பாளம் பாளமாக வெடித்தது. வெடித்த நிலத்தைப் பார்த்துக்கொண்டே எத்தனை நாள் உட்கார்ந்திருப்பது? வேலூருக்குப் போனேன்.

வேலூர் பழைய வியாபார ஊர். எத்தனையோ ராஜாக்கள் வந்து போனார்கள், கடைத்தெரு மட்டும் போகவில்லை. அப்போது கோட்டைக்குள் கோயில் இருந்தது, கோயிலுக்குள் சாமி இல்லை. வெளியே ஒவ்வொரு தெருவும் ஒவ்வொரு கூட்டத்தார் கையில். நெல் ஒருவர் கையில், துணி ஒருவர் கையில். தோலும் அத்தரும் முஸ்லிம்களிடம். ஆஸ்பத்திரி பாதிரிமாரிடம். எங்களுக்கென்று ஒரு சந்துகூட இல்லை.

எங்களுக்கு மலைகள்தான் இருந்தன. வள்ளிமலைப் பாறையில் எங்கள் தீர்த்தங்கரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். போளூர்ப் பக்கம் திருமலையில் ஒருவர் நெடுநெடுவென்று நிற்கிறார். ஒரு காலத்தில் இந்தச் சீமையில் நாங்கள் நிறையப் பேர் இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த உயரத்தில் ஏறி எவன் பாறையைச் செதுக்கியிருப்பான்? கூட்டம் போய்விட்டது, பாறை நிற்கிறது. ஆடு மேய்ப்பவர்கள் வெயிலுக்கு அதன் நிழலில் படுத்துக்கொள்கிறார்கள். படுக்கட்டும். நிழலாவது உதவுகிறது.

நெல் மண்டியில் வேலை கேட்டேன். "என்ன ஆளுங்க நீங்க?" என்றார் மண்டிக்காரர்.

"சமணருங்க."

"சமணரா? அவங்களத்தான் எப்பவோ கழுவுல ஏத்திட்டாங்களே. நீ எப்படி தப்பிச்ச?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "கழுமரம் கம்மியா இருந்துச்சு" என்றேன். வேலை கிடைக்கவில்லை.

வட்டிக்கடை மார்வாடியிடம் போனேன். அவரும் ஜைனர்தான். எங்கள் தெய்வம்தான் அவர் தெய்வமும். நான் பேசுவது தமிழ் என்பதால் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. "வெங்காயம் சாப்பிடுவியா?" என்றார். மாட்டேன் என்றேன். "ராத்திரி?" மாட்டேன் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நாளைக்கு வா" என்றார். எல்லா நாளும் நாளைக்குத்தான்.

கடைசியில் வேலை கொடுத்தவர் தோல் விஷயமாக வேலூருக்கு வந்திருந்த ஆம்பூர் முதலாளி ஒருவர். ஹஜ் போய் வந்தவர். ஹாஜியார் என்போம். என் கூட்டத்தைப் பற்றி அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான். "சாப்பாடு எப்போ?"

"பொழுது சாயறதுக்குள்ள."

"அப்ப சாயங்காலம் வேலய கொஞ்சம் முன்னாடியே நிறுத்திக்கோ."

அவ்வளவுதான். மனிதனுக்கு மனிதன் கேட்கவேண்டியது அவ்வளவுதான் என்று இன்றுவரை நினைக்கிறேன்.

பட்டை

என் வேலை தோல் பதனிடுவதற்கான ஆவாரம்பட்டையை எடை போட்டு இறக்குவது, மழையில் நனையாமல் காப்பது. தோலை நான் தொட்டதில்லை. அதை ஒரு பெருமையாகச் சொல்லவில்லை. நான் எடை போட்ட பட்டையில்தான் தோல் ஊறியது. அது எனக்குத் தெரியும். இன்னொருவன் வந்து விரல் நீட்டிக் காட்டவேண்டியதில்லை.

என் மாமனார் காட்டினார். "உசுர கொன்னு உரிச்ச எடத்துல சம்பாரிக்கிற சோறு எம் பொண்ணுக்கு வேணாம்" என்று சொல்லி அனுப்பினார். அவருடைய மேட்டு நிலம் முழுக்க ஆவாரஞ்செடி. பட்டையை உரித்துக் காயவைத்து ஆம்பூருக்கும் பேரணாம்பட்டுக்கும் வண்டி வண்டியாக அனுப்புகிறவர் அவர். விற்றால் பாவமில்லையாம். வாங்கி எடை போட்டால் பாவமாம். அவர் பட்டையை நானே பலமுறை எடை போட்டிருக்கிறேன். ஈரம் கொஞ்சம் ஜாஸ்தியாகவே இருக்கும்.

என் மனைவி பெயர் ஜினமதி. கலியாணமாகி ஒரு மழைக்காலம் என்னோடு இருந்தாள். நான் ஆம்பூருக்குக் கிளம்பியதும் அவள் அப்பா அவளைக் கூட்டிப்போய்விட்டார்.

அந்த ஒரு மழைக்காலத்தில் எனக்கு மிஞ்சியது ஒரு சத்தம். அவள் அரிசி களையும்போது கண்ணாடி வளையல் பித்தளைப் பாத்திரத்தின் விளிம்பில் படும். கிணிங் என்று ஒன்று, கொஞ்சம் விட்டு இன்னொன்று. ஆம்பூரில் எது உலோகத்தில் பட்டாலும் திரும்பிப் பார்ப்பேன். வாளியாக இருக்கும், இல்லாவிட்டால் தராசுச் சங்கிலியாக இருக்கும்.

அவள் காலமாகிச் சில வருஷங்கள் ஆகின்றன. இப்போதும் திரும்பிப் பார்க்கிறேன். இப்போது வீட்டில் எவர்சில்வர் பாத்திரம். அதன் சத்தமே வேறு.

ரயிலில் வந்தவள்

ஐப்பசி கார்த்திகை அடைமழையில் ரம்ஜான் வந்த வருஷங்களில் ஒன்று அது. ஜினமதி வருகிறாள் என்று செய்தி வந்தது. மாமனார் அவளைக் காட்பாடி வரை கொண்டுவந்து பெண்கள் பெட்டியில் ஏற்றிவிட்டு அங்கேயே நின்றுகொண்டார். ஆம்பூர் மண் அவர் காலில் படக்கூடாதாம்.

ஸ்டேஷனில் இறங்கியவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "எளச்சிட்டீங்க."

"நீ எளைக்கல."

"நான் எதுக்கு எளைக்கணும்? எங்கப்பா வூட்டுல நெய் ஊத்தித்தான் சோறு." கொஞ்ச தூரம் நடந்தபின் வந்த காரியத்தைச் சொன்னாள். "நாளைக்கு மத்தியான வண்டிக்கு அப்பா காட்பாடியில நிப்பாரு. நீங்க இந்த வேலைய வுட்டுட்டு என்னோட வரணுமாம்."

"வரலன்னா?"

"நான் மட்டும் போவணும். அப்புறம் இங்க வரக்கூடாது."

கிடங்கு நெருங்கியதும் முந்தானையால் மூக்கை மூடினாள். எனக்குச் சுருக்கென்றது. "மூக்க மூடாத. ஆளுங்க பாக்குறாங்க."

"நாத்தம் அடிக்குதே."

"பழகிடும்."

"யாருக்கு?"

பட்டைக் கிடங்கை ஒட்டி எனக்கு ஓர் அறை இருந்தது. அங்கே அடுப்பு மூட்டினாள். நான் வெளியே தராசோடு இருந்தேன். சுவருக்கு அந்தப்பக்கம் அரிசி களைகிற சத்தம். கிணிங். வண்டிக்காரன் என்னமோ கேட்டான், நான் என்னமோ சொன்னேன். அன்று எடை போட்ட பட்டைக்கு நான் பொறுப்பில்லை.

மேகம்

சாயங்காலம் மேற்கே ஒரே கருமை. மலை எது மேகம் எது என்று தெரியவில்லை. வழக்கம்போல நான் கொட்டகையில் உட்கார்ந்தேன், ஆட்களும் உட்கார்ந்தார்கள். ஜினமதி கதவோரம் நின்று பரிமாறினாள்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் கடைசி வெளிச்சம் வரை தின்கிறவன் என்றேன். அது எங்கள் கூட்டத்தில் சோம்பேறிகளின் கணக்கு. ஒழுங்கான வீடுகளில் பொழுது சாய இரண்டு நாழிகை இருக்கும்போதே சாப்பாடு முடிந்துவிடும். மேகம் இருந்தால் அதற்கும் முன்பே. சந்தேகம் வந்தால் எங்களுக்குச் சீக்கிரம் நிறுத்துவதுதான் பத்திரம். நோன்பாளிக்கோ தாமதமாகத் தொடங்குவதுதான் பத்திரம். ஜினமதி ஒழுங்கான வீட்டுப் பெண்.

"போதும், கழுவிடுங்க" என்று செம்பை நீட்டினாள். எத்தனை நாள் கழித்து என் கையில் அவள் தண்ணீர் ஊற்றுகிறாள். கையை நீட்டினேன். பொழுதை யார் பார்த்தது?

"நயினார் எழுந்துட்டாரு, பிஸ்மில்லா."

எல்லாரும் பழத்தைக் கடித்தார்கள். கஞ்சியை உறிஞ்சுகிற சத்தம் கொட்டகை முழுக்கக் கேட்டது. காசிம் பாய் கண்ணை மூடி முதல் மிடறை விழுங்கினார்.

அப்போது மேகம் விலகியது. மலைக்கு மேலே ஒரு முழ உயரத்தில் சூரியன் பளிச்சென்று நின்றது. கொட்டகைக்குள் வெயில் விழுந்தது. கஞ்சியின் ஆவி வெயிலில் மஞ்சளாகத் தெரிந்தது.

ஒருவர் வாயில் இருந்ததைக் கையில் துப்பினார். விழுங்கியவர்கள் விழுங்கியதுதான். ஒவ்வொரு கலயமாகத் தரைக்கு இறங்கியது.

"இன்னா நயினாரே," என்றார் காசிம் பாய், "பொழுது இன்னும் உக்காந்துக்கினு இருக்குதே."

ஜினமதி என் பின்னால் வந்து, "எதுக்கு எல்லாரும் கீழ வச்சிட்டாங்க?" என்று கேட்டாள். சொன்னேன். அவள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு கதவைத் தாண்டி வெளியே வந்தாள். அதுவரை அந்த ஆட்கள் யாரும் அவள் குரலைக் கேட்டதில்லை.

"கழுவச் சொன்னது நானுங்க. அவரு இல்ல. எங்க வூட்டுல சீக்கிரமாவே முடிச்சிடுவோம். உங்களுக்கு இப்படி ஆவும்னு எனக்குத் தெரியாது."

காசிம் பாய் தலை குனிந்துகொண்டே பேசினார். "வுடு தங்கச்சி. தெரியாம நடந்தது. பெருநாள் போனதும் ஒரு நாள் களா நோன்பு வச்சிடுவோம். கெட்டுப்போன நாளுக்குப் பதில் நாள்."

"எல்லாருமா?"

"தின்னவங்க எல்லாரும்தான்."

சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்யும் ஏசடியான் ஓரமாக நின்றிருந்தான். அவன் கிறிஸ்தவன். அந்த மாதம் முழுக்க ஆட்கள் கண்ணில் படாமல் மறைவாகப் போய்த்தான் பகல் சாப்பாட்டைச் சாப்பிடுவான். அவன் தொண்டையைச் செருமினான். "அப்போ இந்தக் கிடங்குலயே இன்னிக்கு நோன்பு கெடாதவன் நான் ஒருத்தன்தான் பாய்."

"நீ வச்சாத்தானேடா கெடும்" என்றார் காசிம் பாய். அவர் தாடி குலுங்கியது. ஒவ்வொருவராகச் சிரித்தார்கள். ஜினமதி மட்டும் சிரிக்கவில்லை. மலைமேல் இருந்த சூரியனையே பார்த்துக்கொண்டிருந்தாள், அது இறங்கும்வரை. மீதிக் கஞ்சியை அவர்கள் அதற்கப்புறம்தான் குடித்தார்கள். ஆறிப்போயிருந்தது.

மத்தியான வண்டி

மறுநாள் நான் அவளோடு காட்பாடிக்குப் போகவில்லை. எவனோ விடச் சொன்னான் என்பதற்காக வேலையை விடுகிறவன் நான் இல்லை. அதையே ஸ்டேஷனிலும் சொன்னேன். "இருக்கிறதுன்னா இரு, போறதுன்னா போ."

"போறேன்" என்றாள். வண்டியில் ஏறியபின் ஜன்னலுக்கு வந்தாள். "அந்த பதில் நோன்பு என்னிக்குன்னு சொல்லி அனுப்புங்க."

"உனக்கு எதுக்கு?"

"சொல்லி அனுப்புங்க."

அன்றைக்கு வருவாள் என்று எடுத்துக்கொண்டேன். வேறு எப்படி எடுத்துக்கொள்ள முடியும்? பெருநாள் முடிந்து காசிம் பாய் நாள் குறித்ததும், ஆரணிப் பக்கம் திரும்பிப்போகும் பட்டை வண்டிக்காரனிடம் சொல்லி அனுப்பினேன். அறைக்குச் சுண்ணாம்பு அடித்தேன். வாசலில் மண் கொட்டி மேடாக்கினேன். ஏசடியான் பார்த்துவிட்டு, "கவர்னர் வர்றாரா நயினாரே?" என்றான்.

அந்த நாள் வந்தது. அவள் வரவில்லை. ஒவ்வொரு வண்டிக்கும் ஸ்டேஷனில் போய் நின்றேன். இடையில் வந்து எடை போட்டேன், மறுபடி போய் நின்றேன். நானும் அன்று பட்டினி, ஆட்களுக்காக. பொழுது சாய்ந்ததும் அவர்கள் சாப்பிட்டார்கள். நான் சாப்பிட முடியாது, பொழுதுதான் சாய்ந்துவிட்டதே. அவர்களுக்கு ஒரு பகல் போனது, எனக்கு ராத்திரியும் சேர்ந்து போனது. காசிம் பாய் என் தோளில் கை வைத்து, "போய்ட்டு வா நயினாரே. சண்டை போடாம போய்ட்டு வா" என்றார்.

முற்றம்

சண்டை போடத்தான் போனேன். விடிகிற வண்டியைப் பிடித்து, காட்பாடியில் மாறி, ஆரணி ரோடு ஸ்டேஷனில் இறங்கி நடந்தேன். வழியெல்லாம் என்ன பேசுவது என்று மனதுக்குள் பேசிக்கொண்டே போனேன். பட்டையின் ஈரத்தைக்கூட விடுவதாக இல்லை.

மாமனார் முற்றத்தில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சவரம் செய்யாத முகம். நான் வாயைத் திறக்கும் முன் அவர் பேசினார். "வாங்க மாப்ள. கூட்டிட்டுப் போங்க. இனிமே இந்த வூட்டுல அவ சட்டி வேற, எங்க சட்டி வேற."

"என்ன பண்ணா?"

"அவளையே கேளுங்க."

ஜினமதி உள்ளேயிருந்து வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரே நாளில் கண் உள்ளே போயிருந்தது. "நேத்து நோன்பு வச்சேன்" என்றாள். "விடியறதுக்கு முன்னாடிலேர்ந்து தண்ணி கூட குடிக்கல. பொழுது நல்லா போனப்புறம் ஒரு கை சோறு தின்னேன்."

"இருட்டினப்புறமா?"

"அவங்க மாதிரிதானே வைக்கணும்? நம்ம மாதிரி வச்சா அது நம்ம நோன்பு. நான் கெடுத்தது அவங்க நோன்பு."

நான் பட்டினி கிடந்ததை அவளிடம் சொல்லலாம் என்று இருந்தேன். சொல்லவில்லை.

"பொறந்ததுலேர்ந்து இந்த வூட்டுல வெளக்கு வச்சப்புறம் ஒரு வாய் எறங்கினதில்ல," என்றார் மாமனார். "இந்த ஊர்ல நாம எத்தன வூடு மிச்சம் இருக்கோம் மாப்ள? நெலம் போச்சு. ஆளுங்க போய்ட்டாங்க. மத்தவங்களுக்கும் நமக்கும் வித்தியாசம்னு சொல்ல இந்தச் சாயங்காலச் சோறு ஒண்ணுதான் இருக்குது. அதையும் வுட்டுட்டா நாம யாரு?"

அவர் கேட்டதற்கு அன்று பதில் தெரியவில்லை. இன்றும் தெரியாது. அவர்மேல் எனக்குக் கோபம் உண்டு, ஆனால் அந்தக் கேள்விமேல் இல்லை.

"கெளம்பு" என்றேன் ஜினமதியிடம்.

அவள் அசையவில்லை. "அப்பா தொரத்துறாருன்னு நான் வரமாட்டேன்."

"பின்ன?"

"நீங்க இதுவரைக்கும் ஒரு தடவகூட வான்னு சொன்னதில்ல. இருந்தா இரு, போனா போ. அவரு போன்னுதான் சொல்றாரு. நீங்களும் கெளம்புன்னுதான் சொல்றீங்க. என்னை யாரும் கூப்புடலையே."

பக்கத்து வீட்டார் சுவருக்கு மேலே தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமனார் தரையைப் பார்த்தார். அந்த வார்த்தை என் வாயில் பழகாத வார்த்தை. ஆனால் ஆம்பூரில் ஒவ்வொரு நாளும் அதைத்தானே உள்ளுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"வா ஜினமதி," என்றேன். "ஆம்பூருக்கு வா. நாத்தம் அடிக்கும். ஆனாலும் வா."

"இருங்க" என்று உள்ளே போனாள்.

திரும்பி வந்தபோது இரண்டு புடவை அடங்கிய மூட்டை ஒரு கையில். மறு கையில் தண்ணீர் வடிகட்டும் வெள்ளைத் துணி, ஈரம் பிழிந்து நாலாக மடித்தது. நம் கண்ணுக்குத் தெரியாத உயிர்கூட வயிற்றுக்குள் போய்விடக்கூடாது என்று எங்கள் பெண்கள் அந்தத் துணி இல்லாமல் ஒரு குடம் தண்ணீர் எடுப்பதில்லை. ஒரு நாள் போய் வருகிறவள் அதை எடுத்துப் போகமாட்டாள்.

மாமனார் அந்தத் துணியைப் பார்த்தார். பிறகு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னார்:

"ஒண்ணு பத்தாது. அங்க மழத்தண்ணி கலங்கலா இருக்கும். கொடியில புதுசு ஒண்ணு காயுது பாரு, அதையும் எடுத்துக்கோ."